அவுட்ஹவுஸுக்கு இழுத்த லைன்

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடந்த அந்தக் கொரோனா வருஷத்தில், செம்பாக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும் ஒரு தாய் நிம்மதியாக மூச்சு விட்டாள். அவள் ஞானஜோதியின் மாமியார்.

அதற்கு முந்தைய வருஷம், மழை பெய்த ஒரு சாயங்காலம், அந்த அம்மாளின் மூத்த மகன், ஞானஜோதியின் கணவன் ஜீவானந்தம், வேலை முடிந்து ஸ்கூட்டரில் கேம்ப் ரோடு வழியாக வந்தவன் வீடு வந்து சேரவில்லை. லாரி. அந்த ஒரு சொல்லுக்கு மேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து, மருமகள் ஞானஜோதி ஆபீஸ் போய்த் திரும்பும் ஒவ்வொரு நாளும், அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நிற்பாள். முட்டி வலி உள்ள மனுஷி. நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் உட்கார மாட்டாள். மருமகளின் தலை தெரிந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய் டீக்குப் பாலை அடுப்பில் வைப்பாள். அப்புறம் லாக்டவுன் வந்தது. ஆபீஸ், லேப்டாப் வடிவத்தில் வீட்டுக்கே வந்துவிட்டது. அத்தை கேட்டுக்குப் போவதும் நின்றுபோனது.

ஞானஜோதிக்கு இப்போது நாற்பத்தொன்று. குழந்தை இல்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த வீட்டில் அவளை யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. மாமா லாசரஸ், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், நல்ல மீன் துண்டாகப் பார்த்து அவள் தட்டில்தான் முதலில் வைப்பார். கொழுந்தன் மெர்வின், மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர், கூடுவாஞ்சேரியில் தனிக்குடித்தனம். அண்ணிக்குப் பிறந்தநாள் என்றால் கேக்கோடு வந்து நிற்பான். சர்ச்சில் பெண்கள் அவள் கையைப் பிடித்து, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பார்கள். கேட்கும் குரலிலேயே பதிலும் இருக்கும்.

அந்தக் குரல் எட்டாத இடம் ஒன்று அவளுக்கு இருந்தது. அது பெருங்குடியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடி. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் வேலை. அங்கே அவள் ஜீவாவின் விதவை இல்லை, வெறும் ஜோதி. பக்கத்து சீட் ஷீலா அவளை "ஏய் ஜோதி, தூங்குமூஞ்சி" என்று கூப்பிடுவாள். கேன்டீன் தயிர் சாதத்துக்கு ஊறுகாய் போதவில்லை என்று இருவரும் சண்டை போடுவார்கள். போகிற வழியில் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்தால், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல் பறவைகள் எழும்பும். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் மருமகள் இல்லை, யாருக்கும் அண்ணி இல்லை. காற்று முகத்தில் அடிக்கும் ஒரு பொம்பளை. அவ்வளவுதான்.

அது போய் ஐந்து வருஷம். டைனிங் டேபிளின் மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் பில்லையும் ஒரு கண்ணால் அடுப்பில் பொங்கும் பாலையும் பார்த்துக்கொண்டு கழிந்த ஐந்து வருஷம்.

ஒருநாள் காலையில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. எல்லோரும் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும்.

ஞானஜோதி அதை மூன்று தரம் படித்தாள். எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்காமல் அழுதாள். ஜீவானந்தம் போன பிறகு சந்தோஷத்தில் அவள் அழுதது அன்றைக்குத்தான்.

கதவுக்கு வெளியே அத்தை நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகைக்கு ஏது முகவரி? எந்த அழுகை எங்கிருந்து வருகிறது என்று கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மாமா மெல்ல ஆரம்பித்தார். "ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்களாமே. ஷீலா பொண்ணு போன்ல அத்தைகிட்ட சொல்லிச்சு."

"ஆமா மாமா."

"நீ அதுக்காக அழக்கூடாதும்மா. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

ஞானஜோதி நிமிர்ந்து பார்த்தாள். அத்தையின் கண்கள் சிவந்திருந்தன. "அந்த ரோட்டுல உன்னை மறுபடி அனுப்ப மாட்டோம்டி," என்றாள் அத்தை. "நீ பயப்படாதே."

நான் பயப்படவில்லை அத்தை, நான் சந்தோஷத்தில் அழுதேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகத்துக்கு நேரே, உன் வீட்டை விட்டு தினமும் வெளியே போவதில் எனக்குச் சந்தோஷம் என்று எந்த மருமகளால் சொல்ல முடியும்? அவள் தட்டைப் பார்த்து ரசத்தைப் பிசைந்தாள்.

கம்பெனியில் ஒரு விதிவிலக்கு இருந்தது. நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால், வேறு யாரும் வந்து போகாத தனி அறையும், வைஃபை இல்லாமல் கம்பி வழியாக வரும் இணைப்பும் இருந்தால், வீட்டிலிருந்தே நிரந்தரமாக வேலை செய்யலாம். ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வீடியோவில் அறையைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஞானஜோதியின் படுக்கையறை வழியாகத்தான் மாடிப்படி. அது ஆகாது. அந்த வரியைப் படித்ததும் அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் போன் ஸ்பீக்கரில் மெர்வினின் குரல் கணீரென்று வந்தது.

"அப்பா, அவுட்ஹவுஸ் சும்மாத்தானே கிடக்கு? சுத்தம் பண்ணி வெள்ளையடிச்சு அண்ணிக்குக் கொடுத்துடலாம். நெட்டை அங்கே இழுத்துட்டா முடிஞ்சுது. அண்ணி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

அவள் கவலைப்பட்டாள்.

கொல்லைக் கோடியில், மாமரத்தைத் தாண்டி, போர்வெல் ஓரமாக இருந்தது அந்த அறை. வாடகைக்கு விடலாம் என்று மாமா எப்போதோ கட்டியது. மேலே தகர ஷீட். ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கை எட்டும் தூரத்தில், சுவரில் மோட்டார் ஸ்விட்ச் பெட்டி.

லைன் இழுக்க துரை வந்தான். அந்த ஏரியாவுக்கே கேபிளும் இன்டர்நெட்டும் கொடுக்கும் ஆபரேட்டரிடம் வேலை. மாமரத்தடியில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"சார், உங்க மோடம் ஹால்ல கீது. இந்த ரூம்பு கொல்லைக் கடைசில கீது. நடுவுல ரெண்டு செவுரு, ஒரு மரம், மேல தகரம். சிக்னல் இன்னா எலியா, பொந்து பாத்து பூந்து போறதுக்கு?"

"நடுவுல பூஸ்டர் வெச்சா வரும்னு மெர்வின் சொன்னானேப்பா," என்றார் மாமா.

"பூஸ்டர் வெச்சா படம் பாக்கலாம் சார், அதுவும் சுத்திக்கினே கிடக்கும். அக்கா கம்பெனி ஒயருதான் கேக்குறாங்கோ. கேபிள் இஸ்துகினு போறதுதான் ஒரே வழி. தரைய நோண்டணும்."

மாமாவின் முகம் மாறியது. கொல்லைக்குப் போன கோடையில்தான் சிமென்ட் பூசியிருந்தார். தாமே மட்டப்பலகை பிடித்துப் பூசிய தரை. அதன்மேல் செருப்போடு நடந்தால்கூட அவருக்கு நோகும். "எதுக்கு நோண்டணும்? வீட்டிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் ஒயர் போற பைப் அடியிலேயே இருக்கு. அதுக்குள்ளேயே இதையும் விட்டுடு."

துரை தலையைச் சொறிந்தான். "கரண்ட் ஒயரோட இத ஒண்ணா வுடக்கூடாது சார். பேஜாராயிடும்."

"ரயில்வேல நான் பாக்காத ஒயரா? ஒரு பெட்டிக்கு அடியில எத்தனை ஒயர் ஒண்ணா ஓடுது தெரியுமா உனக்கு?"

"ரயிலு வேற, நெட்டு வேற சார். சரி வுடு. உங்க வூடு, உங்க பைப்பு. அப்பால என்னை வந்து கேக்கக்கூடாது."

ஞானஜோதியை அவுட்ஹவுஸுக்குள் உட்காரச் சொன்னார்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து துரை கேபிளைத் தள்ளுவான்; தரையோரம் நீட்டிக்கொண்டிருந்த பைப் வாயில் அது எட்டிப் பார்த்ததும் அவள் குரல் கொடுக்க வேண்டும். அவள் முழங்காலிட்டு அந்தப் பைப்பின் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வராதே, வராதே என்று மனசு அடித்துக்கொண்டது. உள்ளே ஏதோ சரசரத்தது. நீல நிறத்தில் கேபிளின் நுனி மெல்ல வெளியே வந்து அவள் விரலைத் தொட்டது.

"அக்கா, வந்துச்சா?" என்று துரை அங்கிருந்து கத்தினான்.

"வந்துடுச்சு," என்றாள்.

சோதனை வாரம் ஆரம்பித்தது. முதல் நாள் காலை, அவள் வேலையைத் தொடங்கிச் சிறிது நேரத்தில், மேஜைமேல் லைன் வந்து சேரும் சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது. திரை உறைந்தது. வெளியே மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அத்தை தினமும் அந்த நேரத்துக்கு டேங்க் நிரப்புவாள். மோட்டார் நின்றதும் விளக்கு எரிந்தது. சாயங்காலமும் அதே கதை. ஞானஜோதிக்குப் புரிந்துவிட்டது. துரை சொன்ன பேஜார் இதுதான்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. இதுவரை பாவமில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

மறுநாள் பதினொரு மணிவாக்கில் அத்தை சமையலில் இருந்தாள், மாமா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். ஞானஜோதி ஜன்னல் வழியே கையை நீட்டினாள். மோட்டார் ஸ்விட்சைத் தட்டினாள். விளக்கு அணைந்தது. அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே நிரம்பியிருந்த டேங்க் வழிந்து, தண்ணீர் மாடியிலிருந்து மாமாவின் சிமென்ட் தரையில் சோவென்று கொட்டியது. அத்தை கரண்டியோடு ஓடி வந்தாள். "ஐயோ, யார் போட்டது?" என்று தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டே ஸ்விட்சை அணைத்தாள். ஜன்னலுக்கு உள்ளே மருமகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாள்.

அதற்கு அடுத்த நாளும் போட்டாள். அதற்கு அடுத்த நாளும். உங்கள் இணைப்பு நிலையாக இல்லை, இப்படியே போனால் ஆபீஸுக்கு வர வேண்டியிருக்கும் என்று கம்பெனி எச்சரித்தது. அன்று சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அவள் உதட்டில் ஒரு பாட்டு இருந்தது. அத்தை அதிசயமாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் ரயில்வேக்காரர் சும்மா இருப்பாரா? மாமா ஒரு நாற்காலியை மாமரத்தடியில் போட்டு உட்கார்ந்து யோசித்தார். லைன் அறுந்த நேரத்தை மருமகளிடம் கேட்டார். டேங்க் வழிந்த நேரத்தை மனைவியிடம் கேட்டார். இரண்டும் ஒன்றாக இருந்தன. சாப்பாட்டு மேஜையில் விசாரணை நடந்தது.

"மோட்டார் ஓடினா லைன் போகுது. அது என் தப்பு, அந்தப் பையன் சொன்னான், நான் கேக்கலை. சரி. ஆனா பதினொரு மணிக்கு மோட்டாரை யார் போடறது?"

"காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. அவ்வளவுதாங்க நான் போடறது," என்றாள் அத்தை.

"அப்ப பதினொரு மணிக்கு வர்றது பேயா? நானும் வீட்ல இல்லை, அவளும் உள்ளே வேலையில இருக்கா. யோசிச்சுப் பாரு."

அத்தை யோசித்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இடிந்து விழுவதை ஞானஜோதி பார்த்தாள். "நானாத்தான் இருக்கும்," என்றாள் அத்தை. "எங்கம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான் மறதி வந்துது. அடுப்பை அணைச்சுட்டு, அணைக்கலைன்னு அழுவாங்க."

சாம்பார் கரண்டியைப் பிடித்தபடி ஞானஜோதி நின்றாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு அவள் கால்மேல் விழுந்து சுட்டது. நான்தான் அத்தை என்ற இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் ஐந்து வருஷத்து அன்பும் பாழ். அவள் மாமாவின் தட்டில் சாம்பாரை ஊற்றினாள்.

அன்று சாயங்காலமே மெர்வின் லீவு போட்டு வந்து இறங்கினான். துரையும் வந்தான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல சார்?" என்று அவன் கேட்டான். மாமா தாம் பூசிய சிமென்ட்டின்மேல் தாமே சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். மெர்வின் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். வீட்டிலிருந்து அவுட்ஹவுஸ் வரை தரையைப் பிளந்தான். புதுப் பைப், புது லைன்.

"இது கண்ணாடி இழைக்கா," என்றான் துரை. "இதுக்குள்ள கரண்ட் போவல, வெளிச்சம் போவுது. பக்கத்துல மோட்டார் இன்னா, மின்சார ரயிலே ஓடினாலும் ஒண்ணியும் ஆவாது."

மெர்வினின் உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன. ஞானஜோதி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணனுக்குச் செய்யக் கொடுத்து வைக்கலை, அண்ணி," என்றான் அவன். "உங்களுக்காவது செய்யறேன்." அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பிக்க அவள் தட்டிய ஸ்விட்ச், தப்பவே முடியாத ஒரு லைனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

அதைவிடக் கொடுமை அத்தையின் நிலைமை. காஸ் மூடியிருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தாள். "ஜோதி, நான் உப்புப் போட்டேனா?" என்று கேட்டாள். ருசி பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். "போட்டிருக்கீங்க அத்தை," என்றால், "நீ என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே," என்பாள். நல்ல மனுஷி ஒருத்தி, தன் புத்தியைத் தானே சந்தேகப்பட்டு, சில நாளிலேயே பத்து வயசு கூடிப் போனாள். ஞானஜோதிக்கு இரவும் பகலும் முள்ளில் கிடப்பது போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புது அறைக்குப் பிரதிஷ்டை ஜெபம் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை கம்பெனிக்காரர் வீடியோவில் பார்க்கப் போகிறார்.

போதகர் சத்தியநாதன் வந்தார். சர்ச்சிலிருந்து நாலைந்து குடும்பங்கள். அவுட்ஹவுஸுக்குள் இடம் போதாமல் பாதிப் பேர் மாமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். லேப்டாப் வைக்கும் மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, மல்லிகைச் சரம் வைத்து, மாமா அதை ஒரு பலிபீடம் மாதிரி ஆக்கியிருந்தார். பாட்டு முடிந்தது. வேதவாசிப்பு முடிந்தது. வழக்கப்படி போதகர், "யாராவது சாட்சி சொல்ல விரும்பினா சொல்லலாம்," என்றார். தேவன் செய்த நன்மையை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வது. அதில் பொய் கலக்கக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாமா சொன்னார். மெர்வின் சொன்னான். அப்புறம் யாரும் எதிர்பாராமல் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த ரூமுக்காக ஸ்தோத்திரம். எம் மருமக இனிமே ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை." போதகர் பக்கம் திரும்பினாள். "எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா. எனக்கு மறதி வந்துடுச்சு. மோட்டாரை நானே போட்டுட்டு, போட்டதே தெரியாம இருக்கேன். நான் படுத்துட்டா இந்தப் பொண்ணுக்குத்தான் பாரம். அவளுக்குப் பாரமா ஆகறதுக்குள்ளே ஆண்டவர் என்னை எடுத்துக்கட்டும்னு ஜெபம் பண்ணுங்க."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். யாரோ ஒருத்தி அத்தையின் தோளைத் தடவினாள். போதகர் கண்ணை மூடி, கைகளை உயர்த்தினார்.

"ஐயா, ஜெபம் பண்ணாதீங்க," என்றாள் ஞானஜோதி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றிருந்தாள். தான் எப்போது எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அத்தைக்கு மறதி இல்லை. அவங்க புத்தி என் புத்தியைவிட நல்லா இருக்கு. மோட்டாரைப் போட்டது நான்தான். ஜன்னல் வழியா கையை விட்டு, தினமும் நான்தான் போட்டேன்."

மாமரத்தில் ஒரு அணில் கத்துவது அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏம்மா?" என்றார் மாமா. கோபமே இல்லாத குரல். அதுதான் அவளை அறுத்தது.

"லைன் அறுந்தா ஆபீஸுக்குப் போகலாம்னு. எனக்கு இந்த ரூம் வேண்டாம் மாமா. எனக்கு ஆபீஸுக்குப் போகணும். பஸ்ல போகணும்." தன் வாயால் சொல்லிக் கேட்கும்போது, இவ்வளவு சின்ன ஆசையா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. "அன்னிக்கு நான் பயந்து அழலை. சந்தோஷத்துல அழுதேன்."

போதகர் கனிந்த முகத்தோடு அவளைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் தலை குனியச் சொல்லி, துக்கத்தால் கலங்கியிருக்கும் இந்த மகளுக்குச் சமாதானம் தரும்படி, நீளமாக, உருக்கமாக ஜெபித்தார். அவள் உண்மையைச் சொன்னாள். அவர்கள் அதை நோயாக எடுத்துக்கொண்டு மருந்து போட்டார்கள். "ஆமென்" என்றார்கள் அத்தனை பேரும். கேக்கும் மிக்சரும் டீயும் கொடுக்க வேண்டியிருந்தது. அவள்தான் கொடுத்தாள். டீயை வாங்கும்போது ஒவ்வொரு பெண்ணும் அவள் கையை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தாள்.

எல்லோரும் போன பிறகு சமையலறையில் டம்ளர் கழுவும்போது அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். கழுவிய டம்ளரை வாங்கி வாங்கித் துடைத்துக் கவிழ்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதுல சந்தோஷம்தான்," என்றாள். "இத்தனை நாளா எங்கம்மா மூஞ்சிதான் கண்ணு முன்னாடி."

"என்னை மன்னிச்சிடுங்க அத்தை."

"அன்னிக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேன்னு நான் கேக்க மாட்டேன். சொல்லியிருந்தா விட்டிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன். விட்டிருக்க மாட்டேன். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருப்பேன்." துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள். "இப்போ சொல்றேன். போறதுன்னா போ. நான் தடுக்க மாட்டேன். மெர்வின்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நீங்க கேட்டுல நிப்பீங்க."

அத்தை கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நிக்கக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன். முடியுமான்னு தெரியலை. பொய் சொல்ல மாட்டேன்டி உங்கிட்ட."

அன்பை மறுத்துப் பேசலாம். கோபத்தை எதிர்த்து நிற்கலாம். இப்படி உண்மையைக் கையில் கொடுத்துவிட்டு நிற்பவளை என்ன செய்வது?

திங்கட்கிழமை காலையில் ஷீலா கூப்பிட்டாள். "என்னடி, தப்பிச்சியா, மாட்டினியா? என் பக்கத்து சீட்டுல வெள்ளிக்கிழமை ஒரு பொண்ணு வந்து பையை வெச்சா. அது ஆளு இருக்குற சீட்டுன்னு தொரத்திவிட்டேன்."

"இன்னிக்கு அவர்கிட்ட சொல்லிடப் போறேன்," என்றாள் ஞானஜோதி. "இல்லைன்னு. எனக்கு ரூம் வேண்டாம்னு. அத்தையே போகச் சொல்லிட்டாங்க."

"அப்புறம் என்ன? சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

பத்தரை மணிக்கு வீடியோ வந்தது. பெங்களூரில் இருந்து ஒரு சின்ன வயசு அதிகாரி, மரியாதையானவர், தமிழ்க்காரர். அவள் லேப்டாப்பைத் தூக்கிச் சுற்றிக் காட்டினாள். வெள்ளையடித்த சுவர். உள்தாழ் உள்ள கதவு. தரையிலிருந்து ஏறி வரும் லைன். துடைத்த கண்ணாடி போலப் படம் தெளிவாக இருந்தது.

"சூப்பர் மேடம். போன வாரம் மட்டும் ஏதோ தகராறு இருந்திருக்கு. இப்போ பக்காவா இருக்கு. ஒரே ஒரு கேள்விதான். வீட்டிலிருந்தே வேலை செய்ய உங்களுக்கு முழுச் சம்மதம்தானே? ஒரு வருஷத்துக்கு நடுவுல மாத்த முடியாது, அதனால கேக்கிறேன்."

இதற்காகத்தான் அவள் காலையிலிருந்து அந்த ஒரு சொல்லை நாக்கில் வைத்திருந்தாள். இல்லை சார். அவ்வளவுதான்.

ஜன்னல் வழியே கொல்லை தெரிந்தது. பிளந்த தரையில் புதுச் சிமென்ட் இன்னும் ஈரமாக, ஒரு நீளத் தழும்பு போலக் கிடந்தது. சத்தம் வரக்கூடாது என்று மாமா வீட்டில் டிவியை அணைத்திருந்தார், பக்கத்து வீட்டு மிக்ஸியைக்கூடப் போய் நிறுத்தச் சொல்லியிருந்தார். அத்தை துணி காயப்போட வந்தவள், காயப்போடவில்லை. ஞானஜோதியின் புடவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கொடிக் கம்பத்தில் ஒரு கையை ஊன்றி நின்றாள். இந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று வேண்டுமென்றே மதிலைப் பார்த்து நின்றாள். ஆனால் அவள் முதுகு முழுவதும் காதாக இருந்தது. லாரி மோதிய அன்று, தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் வெளியே வரும்வரை அவள் நின்ற நிற்பு அதே நிற்பு. ஞானஜோதி அன்று பக்கத்தில் நின்றவள். அவளுக்குத் தெரியாதா?

"மேடம்? என் குரல் கேக்குதா?"

நன்றாகக் கேட்டது. ஒரு எழுத்துகூட அறுபடாமல் கேட்டது.

"சம்மதம் சார்," என்றாள் ஞானஜோதி.

அவர் வாழ்த்துச் சொல்லி விடைபெற்றார். அவள் வெளியே வந்து கொடியருகில் நின்றாள். அத்தை திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது.

"என்ன சொன்னே?"

"இங்கேயே இருக்கேன்னு சொல்லிட்டேன்."

அத்தை புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். வெகு நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளைக் கூர்ந்து பார்த்தாள். "உன்னை யாரு கட்டாயப்படுத்தினது? நான் போகச் சொன்னேனே."

"யாருமில்லை அத்தை," என்றாள் ஞானஜோதி.

அது உண்மை. யாராவது ஒருவர் கட்டாயப்படுத்தியிருந்தால், அவரிடமாவது அவள் சண்டை போட்டிருப்பாள்.

புடவையை வாங்கிக் கொடியில் விரித்துப் போட்டு கிளிப் மாட்டினாள். மறுபடி அவுட்ஹவுஸுக்குள் போய், கம்பெனி விதிப்படி உள்தாழைப் போட்டுக்கொண்டு, அடுத்த பில்லைத் திறந்தாள். யாரோ ஒரு ஊர் பேர் தெரியாத மனுஷன், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, நேற்றுத்தான் வெளியே வந்திருந்தான். அவன் வெளியே வந்த தேதியைச் சரிபார்த்து ஒரு டிக் போட்டாள்.